கல்லுக்குப் பதிலாகப் போனவள்

நானும் காலேஜுக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். போனது போனதுதான். ஒரே ஒரு நாள். அதுவும் ஏழு வயதில், ஒரு கல்லுக்குப் பதிலாக.

எங்கள் பக்கத்தில் மூன்று பேராகச் சேர்ந்து எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்ப மாட்டார்கள். கிளம்பினால் காரியம் விளங்காது என்பார்கள். நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு சின்னக் கல்லை எடுத்து மடியில் முடிந்துகொள்வார்கள். அது நாலாவது ஆள் ஆகிவிடும். அண்ணனைச் சேர்க்கலாமா என்று திருநெல்வேலியில் காலேஜ் பார்க்கக் கிளம்பியவர்கள் மூன்று பேர். பெரியப்பா, அப்பா, அண்ணன். நாலாவதாகக் கல் போகவேண்டிய இடத்தில் நான் போனேன். கல்லே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. கல்லுக்குப் பசிக்காது.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, காசில் கிரீடம் இல்லாத மொட்டைத்தலை ராஜா இருந்தார். எங்கள் ஊர் சீவைகுண்டத்துக்கு மேற்கே, தாமிரபரணியை ஒட்டி. வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசியும் அதிகம் கேட்டதில்லை. பெரியப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷர் தங்கம். தன்னைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம் பெண் பார்ப்பது. எங்கள் வகையறாவில் எந்தப் பையனுக்குப் பெண் பார்ப்பதானாலும் பெரியப்பாதான் முன்னால் போவார். அவர் பார்த்து முடித்த கல்யாணங்களைவிட, பார்த்துவிட்டு முடிக்காமல் வந்தவை அதிகம். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். எழுந்து வேட்டியை ஒரு உதறு உதறி, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுதோம்" என்பார். அந்தக் கடுதாசி இதுவரை எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. தபால்காரர் மேல் குற்றமில்லை, எழுதினால்தானே!

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். இது அவர் மட்டும் வைத்ததில்லை, ஊர் வைத்தது. சம்பந்தம் முடிவாகும் முன்னால் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. கை நனைப்பது என்றால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாட்டோம் என்று சொல்ல வாய் கிடையாது.

என் அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததே அந்தச் சட்டத்தால்தான். அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன அன்று பெரியப்பாவுக்கு அந்த இடம் மனசுக்குப் பிடிக்கவில்லை, நிலபுலன் குறைச்சல். எழுந்து வேட்டியை உதறியும் விட்டார். அதற்குள் கூடப் போயிருந்த காது கேட்காத மாமா ஒருவர், பின்கட்டில் உட்கார்ந்து, அம்மா சுட்டு வைத்த சுசியத்தில் மூன்றைத் தின்று தீர்த்திருந்தார். கதை முடிந்தது. பெரியப்பா மறுபேச்சுப் பேசாமல் வெற்றிலை பாக்கு மாற்றினார். வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா மட்டும் அடுப்பில் ஏதோ கிடப்பதுபோல உள்ளே எழுந்து போய்விடுவாள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவன். மெட்ரிகுலேஷன் தேறியிருந்தான். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு தூரம் ஏறியதில்லை. மேலே காலேஜில் சேர்ந்து எப்.ஏ. படிக்கவேண்டும் என்று அவனுக்கு உயிர். வாய்விட்டுக் கேட்கத்தான் பயம். அந்தச் சமயம் பார்த்துக் கொழும்பிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: துணிக்கடைக்கு இங்கிலீஷ் தெரிந்த பையன் வேண்டும், உடனே கப்பலேற்றி அனுப்பவும். பெரியப்பாவின் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கொழும்பு என்ற பேரைக் கேட்டாலே அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கும். அவள் கூடப் பிறந்த தம்பி அப்படித்தான் தூத்துக்குடியில் கப்பலேறிப் போனார். முதல் வருஷம் மாசத்துக்கு ஒரு கடுதாசி வந்தது. அடுத்த வருஷம் பொங்கலுக்கு ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லை. அம்மா யாரிடமும் அதைப் பேசுவதில்லை. தபால்காரர் தெருவில் வரும்போது மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள்.

அண்ணன் யாருக்கும் தெரியாமல் காலேஜுக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. பெரியப்பா திட்டுவார் என்று பார்த்தால், "பாக்கதுக்கு என்னவே? பாத்துட்டு வருவோம்" என்றார். பெரியப்பாவின் 'பார்த்துவிட்டு வருவோம்' எதில் போய் முடியும் என்பது வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மூன்று பேராகிறதே என்று பெரியப்பாவே யோசித்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பாவிடம் நேரடியாகப் பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. என்னிடம் பேசுவதுபோல, அவர் காதில் விழும்படி, "ஏட்டி, நீயும் கூடப் போயேன். நாலு பேரு ஆயிரும்லா" என்றாள்.

"கல்லு ஒண்ணு எடுத்தாப் போச்சு. சின்னப் பிள்ளைய எதுக்கு வண்டியில போட்டு இழுக்கணும்?" என்றார் பெரியப்பா.

"கல்லு காலேஜைப் பாத்து என்னட்டி செய்யப் போவுது? நீயாவது பாத்துட்டு வா. வழிக்குப் புளிச்சோறு கிண்டிக் கட்டித் தாரேன்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து. புளிச்சோறு என்றதும் பெரியப்பா கல்லை மறந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடியற்காலை அப்பா வண்டி பூட்டினார், ஓட்டியதும் அவர்தான். அம்மா என் சடையை இழுத்துப் பின்னி, வண்டிக்குள் வைக்கோல் மேல் உட்கார வைத்துவிட்டுக் காதில் சொன்னாள்: "பசிச்சா வாய்விட்டுக் கேளு, என்ன? வெக்கப்படாத." இதைச் சொல்லவும் வேண்டுமா? எனக்கும் வெட்கத்துக்கும் அந்த வயதில் பழக்கமே கிடையாது.

வெயில் ஏறும் நேரத்தில் ஆற்றங்கரையில் ஒரு மருத மரத்தடியில் வண்டியை அவிழ்த்தார்கள். எல்லாரும் பல் தேய்த்து முகம் கழுவியாயிற்று. அப்பா வைக்கோலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பிறகு முழுக்கப் புரட்டினார். கட்டுச்சோறு வைக்கிற ஓலைக் கொட்டானைக் காணோம்.

"சோத்தக் கட்டி வச்சிட்டு வண்டியில ஏத்த மறந்துட்டாளா? நல்ல பொம்பள!" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

"அவ ஒரு நாளும் உப்பைக்கூட மறந்ததில்லையே, அண்ணாச்சி" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்ததுபோல ஆற்றைப் பார்த்துக்கொண்டார்.

மாசி மாதமானதால் வழியில் பதநீர் கிடைத்தது. ஆளுக்கு ஒரு ஓலைப்பட்டை குடித்தோம். அப்பா எனக்காக இரண்டு பழம் வாங்க வண்டியை நிறுத்தப் பார்த்தார், பெரியப்பா விடவில்லை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் காலேஜுக்குள் நுழைந்தாகவேண்டும். கிளப்புக்கடையில் அவர் ஜென்மத்துக்கும் சாப்பிட மாட்டார். வண்டிக்குள் இருந்தபடியே எங்களுக்குச் சட்டம் சொன்னார்: "அங்கன காப்பிம்பாவ, பலகாரம்பாவ. ஒருத்தரும் கை நனைக்கப்படாது. பச்சத் தண்ணி பல்லுல படப்படாது, ஆமா." அண்ணன் தலையை ஆட்டினான். அவன் மடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய சர்ட்டிபிகேட் இருந்தது. பாளையங்கோட்டையைத் தாண்டிப் பாலத்தின் மேல் வண்டி ஏறும்போது அதைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எனக்கு வயிறு கிள்ளிக்கொண்டிருந்தது.

காலேஜ் என்றால் அரண்மனை என்று எதிர்பார்த்திருந்தேன். அட போங்கள்! எங்கள் ஊர்ப் பண்ணையார் வீடு அதைவிடப் பெரியது. ஓடு போட்ட நீளக் கட்டிடம் ஒன்று, முன்னால் ஒரு வேப்பமரம், அதில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்திய காலேஜ் அது. இதற்குப் போயா அண்ணன் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சந்நிதிக்குள் நுழைவதுபோல நுழைந்தான்.

கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு வாத்தியார் வந்து வரவேற்றார். கோட்டுக்குக் கீழே வெறுங்கால். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த முறைப்படி விசாரணையை ஆரம்பித்தார்.

"காலேஜுக்கு வயசு என்ன இருக்கும்?"

வாத்தியார் திகைத்துப்போனார். "இருக்கும், ஒரு இருபத்தெட்டு வருஷம்."

பெரியப்பா அப்பாவின் பக்கம் குனிந்து, "வயசு கொஞ்சம் கூடத்தான்" என்றார்.

பிறகு எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள் ஏன் போனார்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "இம்புட்டுத்தானா இடம்? திருச்சினாப்பள்ளியில பெரிய காலேஜாம்லா" என்றார்.

வாத்தியார் கோபிக்கவில்லை. "சின்ன இடந்தான், அண்ணாச்சி. ஆனா ஒவ்வொரு பையன் பேரும் எனக்குத் தெரியும். யாருக்குக் காய்ச்சல், யாரு வீட்டுல அறுப்பு, யாரு ராத்திரி அழுதான், எல்லாம் தெரியும். பெரிய இடத்துல அது தெரியுமா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பெரியப்பா அந்தப் பதிலை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்ல வேண்டும் அல்லவா? "ஒரு பையனப் படிக்கச் சொல்லுங்க, கேப்போம்" என்றார். குடுமி வைத்த பையன் ஒருவன் எழுந்து நின்று இங்கிலீஷ் புஸ்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்தான். பெரியப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். "சாரீரம் மோசமில்ல" என்றார்.

வாத்தியார் ஒரு மூன்று பட்டைக் கண்ணாடித் துண்டை எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தார். சுண்ணாம்புச் சுவரில் வானவில் விழுந்தது. நான் ஓடிப்போய் அதைக் கையால் பிடித்தேன். என் கைமேல் ஏழு நிறமும் வந்து உட்கார்ந்தன. எப்படி இது என்று பெரியப்பா கேட்டார். வாத்தியார் சொல்லவில்லை, அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். வெளிச்சத்துக்குள்ளேயே எல்லா நிறமும் இருக்கிறது, கண்ணாடி அதைப் பிரித்துக் காட்டுகிறது என்று, விரலால் சுவரில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னான். பெரியப்பாவுக்கு முன்னால் அவன் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியார் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, "வச்சுக்கோ, போகும்போது தா" என்றார்.

இதெல்லாம் போதாதா? பெரியப்பாவுக்குப் போதாது. முன்கட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஒரு வீட்டின் லட்சணம் பின்கட்டில்தான் தெரியும் என்பது அவர் கொள்கை. "புறவாசலக் கொஞ்சம் பாக்கணுமே" என்றார். பின்னால் பையன்கள் தங்கும் ஹாஸ்டல் இருந்தது. பெரியப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார், விறகு அடுக்கியிருந்ததைத் தட்டிப் பார்த்தார், சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். எல்லாரும் அவர் பின்னாலேயே போனார்கள். நான் போகவில்லை. மூக்கு என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

அன்றைக்கு அங்கே சொதி. யாரோ ஒரு பையன் வீட்டிலிருந்து மூட்டை நிறையத் தேங்காய் வந்திருந்ததாம். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் பூண்டும் எலுமிச்சம்பழமும் சேர்ந்து வருகிற அந்த வாசனையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பையன்கள் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இலை காலியாக இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "எனக்குப் பசிக்கு" என்றேன், வாய்விட்டு.

சமையல்கார ஐயர் திரும்பிப் பார்த்தார். "அடி என் செல்லமே, வாடிம்மா, ஒக்காரு" என்றார். அவ்வளவுதான் அழைப்பு. பெரியப்பாவின் சட்டம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. சட்டம் ஆம்பிளைகளுக்குத்தான் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துகொண்டேன். இரண்டு தடவை சோறு வாங்கினேன். மூன்று தடவை சொதி.

கையலம்பத் தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டு நான் முற்றத்துக்கு வந்தபோது, பெரியப்பா எல்லாம் பார்த்து முடித்து வாத்தியாருக்கு எதிரே நின்றிருந்தார். வேட்டியை உதறினார். "சரி, சந்தோசம். ஊருக்குப் போய்க் கடுதாசி போடுதோம்" என்றார்.

அண்ணன் கண்ணாடித் துண்டை வாத்தியாரிடம் நீட்டினான். நீட்டும் முன்னால் அவன் அதை மேல்துண்டால் துடைத்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஐயோ, அழுதுவிடப் போகிறானே என்று நான் ஓடிப்போய் அவன் வேட்டியைப் பிடித்தேன். வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தன.

பெரியப்பா வேட்டியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். முழங்கைவரை வழிந்திருந்தது.

"ஏட்டி, என்னது கையில?"

"சொதி" என்றேன்.

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் நாலு பேருக்கும் விளங்கியது. அப்போது அப்பா பேசினார். பெரியப்பாவுக்கு நேரே நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தாமல் பேசினார்.

"கை நனைஞ்சு போச்சே, அண்ணாச்சி."

பெரியப்பா என்னை முறைத்தார், அப்பாவை முறைத்தார், சமையல்கட்டை முறைத்தார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எழுந்தார். அதிலும் சொதி! எங்கள் பக்கத்தில் கல்யாணமான புது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் போடுகிற விருந்துச் சாப்பாடு அது. வேறு ஏதாவது என்றால்கூடப் பிள்ளை தெரியாமல் தின்றுவிட்டது என்று தப்பித்திருக்கலாம்.

"சொதியே ஊத்தித் தின்னாச்சு. இனி என்னவே பேச்சு இருக்கு?" என்றார் கடைசியில். வாத்தியாரிடம் திரும்பிக் கையைக் கூப்பினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்போலச் சொன்னார்: "எங்க வீட்டுப் பிள்ளை. கோவம் வராது, வாயும் கிடையாது. நல்லாப் பாத்துக்கிடணும்."

"கண்ணுபோலப் பாத்துக்கிடுதோம்" என்றார் வாத்தியார், ஒன்றும் புரியாமலே. கண்ணாடித் துண்டை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அண்ணன் முகத்தை நான் எப்படிச் சொல்ல? அவன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான், அந்தச் சொதிக் கையோடு. சம்பந்தம் முடிந்தபிறகு பட்டினி எதற்கு என்று பெரியப்பா இன்னும் மூன்று இலை போடச் சொன்னார். மூன்று பேரில் அதிகம் சாப்பிட்டவர் அவர்தான்.

அண்ணன் அந்தக் காலேஜில் எப்.ஏ. முடித்து, மதராஸுக்குப் போய் மேலே படித்து, எங்கள் ஆற்றங்கரையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாராக வந்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். நான் இதை எழுதுவதே அந்தப் புண்ணியத்தில்தான். கொழும்புக்காரருக்குப் பெரியப்பா உடனே பதில் எழுதினார். அவர் வாழ்நாளில் நிஜமாகவே போட்ட கடுதாசி அது ஒன்றுதான். 'பையனுக்கு இங்கே சம்பந்தம் முடிந்துபோய்விட்டது' என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு நாங்கள் ஊர் திரும்பும்போது விளக்கு வைத்தாயிற்று. வழியெல்லாம் எனக்கு உதறல். சட்டத்தை மீறியவள் நான்தானே, அம்மாவிடம் முதுகு பழுக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அம்மா வாசலில் நின்றாள். ஆண்களிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், விளக்கடியில் நிறுத்தி, "என்னட்டி சாப்பிட்ட?" என்றாள்.

"சொதி" என்றேன், அழத் தயாராக.

அம்மா என் வலது கையை எடுத்து மோந்து பார்த்தாள். அப்படியே அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. அடி விழாது என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நல்ல பசியும் வந்துவிட்டது.

"நீதான் கட்டுச்சோத்த ஏத்த மறந்துட்ட. அந்தப் புளிச்சோறு இருந்தா இப்பம் எனக்குத் தா" என்றேன்.

"எந்தப் புளிச்சோறு?" என்றாள் அம்மா.

"வழிக்குன்னு கிண்டினேல்லா, அது."

"நான் எங்கட்டி கிண்டினேன்?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கட்டுச்சோற்றுக் கொட்டான் பரணில், போன மாதம் வைத்த இடத்திலேயே, தூசியோடு இருந்தது.

நேற்றுச் சொன்னதுகூட நினைவில் இல்லையே, பாவம், அம்மாவுக்கு இந்த வயதிலேயே மறதி வந்துவிட்டதே என்று அன்றைக்கு ராத்திரி நான் நிஜமாகவே கவலைப்பட்டேன்.